காது சிவந்தால் கிளம்பிவிட வேண்டும்

போன ஆடிக் கிருத்திகைக்கு செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். மும்பைத் தமிழர்களுக்கு அந்தக் கோயிலின் 108 படிகளைத் தெரியாமல் இருக்காது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, நல்ல கூட்டம். தீபாராதனை நேரத்தில் மின்சார மேளத்தைப் போட்டுவிட்டார்கள். என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். முலுண்டிலிருந்து வந்திருந்த சித்தி, "எவ்வளவு சமத்தா நிக்கான் பாரு, கண்ணு பட்டுரும்" என்று அவன் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

முகத்தைப் பார்த்தால் சமத்துதான். ஆனால் என் உள்ளங்கைக்குள் இருந்த அவன் கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளரிக்காய் மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது. வலது காது மட்டும் நுனியிலிருந்து அடிவரை சிவந்திருந்தது. தலைக்கு நேர் மேலே ஃபேன் ஓடியும் முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. இதையெல்லாம் பார்த்தேன், பார்த்துவிட்டும் நின்றேன். "பிரசாதம் வாங்கிட்டுப் போயிரலாம், அஞ்சு நிமிஷம்தான்" என்று நினைத்தேன். வரிசை இருபது நிமிடம் ஆனது. படியிறங்கிச் செருப்பு விட்ட இடத்துக்கு வந்ததும் அவன் ஈரத் தரையில் படுத்துவிட்டான். தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்தல். சுற்றி நின்றவர்கள் கேட்ட கேள்வி, "நல்லாத்தானே இருந்தான், திடீர்னு என்னாச்சு?"

அந்தத் 'திடீர்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

அவனுக்கு எட்டு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பெயர் வேண்டாம், வீட்டில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் சயனில் ஒரு சின்ன டயக்னாஸ்டிக் சென்டரில் பதினான்கு வருடமாக ஈ.சி.ஜி. எடுக்கிறேன். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து பேருடைய இதயத்தைக் காகிதத்தில் பார்க்கிறேன். என் பிள்ளையின் உடம்பு என்ன சொல்கிறது என்பது எனக்குப் புரிய ஆரம்பித்ததும் அந்தக் காகிதத்தில்தான்.

தம்பிக்கு ஆறு வயதிருக்கும்போது, கடைவாய்ப் பற்கள் இரண்டை மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஃபிட்னஸ் சான்றிதழ் வேண்டும், ஈ.சி.ஜி. வேண்டும். நானே எடுத்தேன். கைகால்களில் மாட்டும் நான்கு க்ளிப்புகளையும் என் கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். ஜெல்லியின் குளிர்ச்சி அவனுக்கு ஆகாது என்பதால் ஜெல்லி ட்யூபை வெந்நீரில் போட்டு வைத்தேன். மார்பில் உறிஞ்சிப் பிடிக்கும் ஆறு ரப்பர் பல்பையும் ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பதினைந்து நொடி அசையாமல் கிடந்தான். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது, மேலே ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காகிதம் வெளியே வந்தது. இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். அந்தக் காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஐந்து பெரிய கட்டம் என்றால் ஒரு நொடி. இரண்டு துடிப்புக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நாடித்துடிப்பு வந்துவிடும். தம்பிக்கு இரண்டரைக் கட்டம். அதாவது 120. பயந்த குழந்தைக்கு அது ஆச்சரியமே இல்லை. என் கண்ணில் பட்டது வேறு. எல்லா இடைவெளியும் ஒரே அளவு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி.

சின்னப் பிள்ளைகளின் ஈ.சி.ஜி. பொதுவாக அப்படி இருக்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் ஓடும், வெளியே விடும்போது கொஞ்சம் நிதானிக்கும். அதனால் இடைவெளி ஒரு சமயம் நெருக்கமாகவும் ஒரு சமயம் தள்ளியும் விழும். மெஷின் அதைப் பார்த்து 'சைனஸ் அரித்மியா' என்று மேலே அச்சடித்துவிடும். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர் வெளுத்துப்போய் என்னிடம் ஓடிவருவார்கள். "பயப்படாதீங்க, பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கணும், அது நல்லதுதான்" என்று நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். என் பிள்ளையின் காகிதத்தில் அந்த நல்லது காணோம்.

சென்டருக்கு வரும் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினேன். அவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். நாம் நினைக்காமலே உடம்பில் நடக்கிற வேலைகளை, அதாவது இதயத்துடிப்பு, வியர்வை, செரிமானம், கண்ணின் பாப்பா விரிந்து சுருங்குவது எல்லாவற்றையும், பார்ப்பது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் என்று ஒரு பகுதி, ஆபத்து என்றால் உடம்பை ஓடத் தயார்ப்படுத்துவது. இன்னொரு பகுதி இணைப்பரிவு நரம்புகள், ஆபத்து போனதும் ஆற்றி உட்கார வைப்பது. இந்த இரண்டாவதில் முக்கியமானது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பிக் கழுத்து வழியாக இதயம், நுரையீரல், வயிறு வரைக்கும் இறங்குகிறது. மூச்சு விடும்போது இதயத்தைச் சற்றுப் பிடித்து நிறுத்தும் பிரேக் அதுதான். தம்பி அந்த நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டிருந்தான் என்றார்.

ஆனால் அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். பயந்து கிடக்கிற எந்தப் பிள்ளைக்கும் அந்த ஏற்ற இறக்கம் குறையும். ஒரே ஒரு காகிதத்தை வைத்து ஆட்டிசம் என்றோ நரம்புக் கோளாறு என்றோ சொல்லவே முடியாது. ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ஈ.சி.ஜி. எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. எனக்கு அந்தக் காகிதம் சொன்னது ஒன்றுதான். ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கிறான் என்று நான் நினைத்த பிள்ளை உள்ளே ஓடிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். 2005-இல் ஸூயே மிங் என்ற நரம்பியல் டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். மற்றக் குழந்தைகளைவிட இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதல், வேகஸின் பிடி குறைவு. 2009-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பாப்பா சுருங்க ஆரம்பிக்கவே கொஞ்சம் தாமதம், சுருங்குவதும் குறைவு. அதைப் படித்த இரவு பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜூஹு கடற்கரையில் பட்டப்பகலில் எடுத்ததில்கூடத் தம்பியின் கண் கருவட்டம் பெரிதாக இருப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. போட்டோவை வைத்து முடிவு கட்ட முடியாது என்று தெரியும். ஆனாலும் வெயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதவனை "கண்ணைத் திறடா, போட்டோ எடுக்கணும்" என்று அதட்டியது ஞாபகம் வந்தது. மனசு கேட்கவில்லை.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு வியர்வை அளவு கூடுதல், சிலருக்குக் குறைவு, சிலரிடம் வித்தியாசமே இல்லை. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. தம்பியோடு தெரபிக்கு வருகிற ஒரு பெண் குழந்தை பதற்றத்தில் தூங்கிவிடுவாள். வெளியே பார்ப்பவர்கள் அசதி என்பார்கள். அவள் அம்மாவுக்குத் தெரியும், அது அசதி இல்லை என்று. ஒரு பிள்ளையின் அறிகுறிகள் இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தாது. நான் எழுதுவது என் வீட்டுக் கதை.

வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மாமியார். அத்தைக்கு அம்பாசமுத்திரம் பக்கம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். தம்பிக்கு நாலு வயதிருக்கும்போதே சொல்லியிருக்கிறார், "பிள்ளைக்கு உள்ளங்கை சில்லுன்னு ஆயிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு தாயி, அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது." அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. பரிவு நரம்புகள் முடுக்கிவிட்டால் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் கை சில்லிடும், உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும். நான் மூன்று வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை அத்தை கையைப் பிடித்தே தெரிந்துகொண்டிருந்தார்.

கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கிய ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. விரலில் மாட்டினால் தம்பி உதறிவிடுவான், கால் பெருவிரலில் மாட்டினால் பொறுத்துக்கொள்வான். தரையில் கார் பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 108, 110 காட்டும். தூங்கும்போது 80 பக்கம் இறங்கும். விழித்திருக்கும்போது வருவது அந்த வயதுக்கு மேல்வரம்பை ஒட்டியது, ஆபத்தானது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அப்படிச் சொன்னார். இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் அந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். துறுதுறுப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் நாடித்துடிப்பைக் கூட்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மயங்கி விழுந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒருநாள் கல்யாண வீட்டில் அவனுக்கு ஆக்சிமீட்டர் மாட்டினேன். எண்ணே வரவில்லை, இரண்டு கோடுதான் வந்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து என் விரலில் மாட்டினால் ஒழுங்காகக் காட்டுகிறது. அவன் கால்விரலில் ரத்த ஓட்டம் அவ்வளவு குறைந்து சில்லிட்டிருந்தது. வெளியே நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. பந்தியில் உட்காராமல் அன்று கிளம்பிவிட்டோம். அன்றைக்குக் கத்தல் இல்லை, கடி இல்லை. ஆட்டோவில் என் மடியில் தலைவைத்துப் படுத்தான். செம்பூர் நாக்கா வருவதற்குள் கை சூடாகிவிட்டது.

வயிறும் இதே கணக்கில்தான் வருகிறது. உடம்பு ஓடத் தயாராக இருக்கும்போது குடல் வேலையை ஒத்திவைக்கும். தம்பிக்கு மூன்று நாள், நான்கு நாள் வெளிக்குப் போகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் உறுதியாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்கு நரம்பு மட்டும் காரணம் இல்லை. நாலே நாலு வகைச் சாப்பாடுதான் சாப்பிடுவான் என்றால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? பள்ளிக் கக்கூஸின் வாடைக்கு அடக்கிக்கொள்வதும் சேரும். என்ன காரணமாக இருந்தாலும், வயிறு கட்டிக்கொண்ட நாட்களில் அவன் காது சீக்கிரம் சிவக்கிறது. "இன்னைக்குப் போனானா?" என்று நானும் அவரும் ஃபோனில் கேட்டுக்கொள்வது ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விநோதமாக இருக்கலாம். எங்கள் நாள் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. அவனுக்கே இது தெரிவதில்லை. பசி, மூத்திரம் முட்டுவது, இதயம் படபடப்பது எல்லாம் உள்ளேயிருந்து வருகிற செய்திகள். வேகஸ் நரம்பிலும் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவைதான். அந்தச் செய்தி அவனிடம் மங்கலாக வருகிறதோ, எல்லாம் ஒன்றாக வந்து குழப்புகிறதோ, போன வருடம் முழங்கையில் எலும்பு விரிசல் விட்டபோதும் அவன் அழவில்லை. சட்டை போடும்போது கையைத் தூக்க மாட்டேன் என்றான், அவ்வளவுதான். நாங்கள் அடம் என்று நினைத்தோம். அன்று சாயங்காலம் அவன் நாடி 130 இருந்ததைப் பார்த்துத்தான் எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் சொல்ல வேண்டாம். இரண்டு வருடத்தில் டைரியில் எனக்கு வந்த குறிப்புகளில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப: 'சடன்லி'. சடன்லி தள்ளிவிட்டான், சடன்லி மேஜைக்கு அடியில் போய்விட்டான், சடன்லி கத்தினான். நான் சண்டைக்குப் போகவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் யாருடைய காதைப் பார்ப்பார்? ஆனால் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. முகம் அழவில்லை என்பதற்காக ஒரு குழந்தையை அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, அது உடைந்த அந்த ஒரு நிமிடத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதுவது எனக்கு ஆறவே ஆறாது.

அமெரிக்காவில் மேத்யூ குட்வின் என்பவர் குழு 2019-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்த ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் பட்டை கட்டி, நாடி, வியர்வை, கை அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். முந்தைய மூன்று நிமிடத் தகவலை வைத்து, அடுத்த ஒரு நிமிடத்தில் பிள்ளை யாரையாவது அடிக்கப் போகிறதா என்று ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கற்றுக்கொண்ட கணக்கு, எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட கணக்கைவிட நன்றாக வேலை செய்தது. இந்தக் கடைசி வரியைப் பிரின்ட் எடுத்து டீச்சரிடம் கொடுத்தேன். கூடவே என் நோட்டிலிருந்து ஒரு தாளையும் கொடுத்தேன். அதில் தம்பியின் அறிகுறிகளை வரிசையாக எழுதியிருந்தேன். முதலில் கை சில்லிடும். அதன்பின் வலது காது. அப்புறம் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே இருப்பான், ஏனென்றால் வாய் உலர்கிறது. கடைசியாகக் கொட்டாவி, தூக்கமே இல்லாத கொட்டாவி. கொட்டாவி வந்துவிட்டால் ஐந்து நிமிடம்கூட இல்லை.

இதற்கிடையில் ஒரு சென்டர்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காதில் க்ளிப் மாட்டி வேகஸ் நரம்பைத் 'தட்டி எழுப்புவார்கள்', முப்பது சிட்டிங், ஆட்டிசமே குறைந்துவிடும் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை என் மூன்று மாதச் சம்பளம். பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஆய்வைக் காட்டுங்கள் என்றேன். இரண்டு தாய்மார் பேசுகிற வீடியோவைக் காட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன். ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து அளக்கும் வாட்ச், கையைப் படபடவென்று ஆட்டுகிற பிள்ளையிடம் தப்பாகத்தான் காட்டும். நமக்கு மிக வேண்டிய நேரத்தில்தான் அது பிசகும்.

எங்களுக்கு உதவியது சாதாரண விஷயங்கள். சோப்புக் குமிழி ஊதுவது தம்பிக்குப் பிடிக்கும். மூச்சை நீளமாக வெளியே விடும்போதுதான் வேகஸ் பிரேக் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, பையில் எப்போதும் ஒரு குமிழி டப்பா இருக்கிறது. கை சில்லிட்ட ஆரம்பத்திலேயே ஊதினால்தான் பலன். கத்த ஆரம்பித்த பிறகு டப்பாவை நீட்டினால் டப்பா பறக்கும். கோயிலுக்கு இப்போது காலை நடை திறந்ததும் போகிறோம், கூட்டம் இல்லை, மேளம் இல்லை. 108 படியையும் நின்று நின்று ஏறுவான், மேலே போய்ச் சேரும்போது நாடி வேகமாகத்தான் இருக்கும், ஆனால் அது படியேறிய வேகம். முருகனைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இறங்கிவிடும். அந்த இறங்குவதைப் பார்ப்பதற்காகவே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த ஜூனில் புது டீச்சர் வந்திருக்கிறார். இரண்டாவது வாரம் டைரியைத் திறந்தேன். சிவப்பு மை இல்லை. 'காது சிவந்தது, 11.10. லைப்ரரிக்கு அழைத்துப் போனேன். 11.30-க்கு வகுப்புக்குத் திரும்பினான்.' அந்தப் பக்கத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பு" என்றார்.

போன சனிக்கிழமை தம்பியை என் சயன் சென்டருக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். சாயங்காலக் கூட்டம், அறிவிப்பு மூன்று மொழியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ரயில் பெட்டி, ஹேண்டிகேப் டப்பா என்பார்கள், அது வந்து நிற்கும் இடத்தில் நின்றோம். வழக்கம்போல ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறான் என்று இந்தியில் முனகினார். கார்டை எடுத்துக் காட்டினேன், பேசவில்லை. பன்வெல் வண்டி வந்தது. நான் ஏறக் காலெடுத்தபோது தம்பி என் கையை இழுத்தான். தன் உள்ளங்கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தான்.

"கை ஐஸ்" என்றான்.

எட்டு வருடத்தில் தன் உடம்பைப் பற்றி அவன் தானாகச் சொன்ன முதல் செய்தி. அந்த வண்டியை விட்டோம். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில் உட்கார்ந்து குமிழி ஊதினான். அடுத்ததையும் விட்டோம். மூன்றாவது வண்டியில் ஏறினோம்.